செலரான் 300ஏ முதல் அக்கா பையன் பொட்டி வரைக்கும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுட்டு கொஞ்சம் கண் அசரலாம்னு சாய்ஞ்ச நேரத்துல விழுப்புரத்துலேர்ந்து அக்கா பையன் ஃபோன்.

"மாமா, கேம் ஆடறதுக்கு ஒரு பொட்டி போடணும். அம்மா சீட்டு எடுத்து தொண்ணூறாயிரம் தர்றாங்க. லிஸ்ட் அனுப்பியிருக்கேன். சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

லிஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். பையன் கெட்டிக்காரன். ப்ராசசர் இன்ன மாடல், கிராஃபிக்ஸ் கார்டு இன்ன மாடல், கண்ணாடி வெச்ச கேபினெட்டுல எத்தனை ஃபேன், அதுல எந்தக் கலர் லைட்டு எரியும்ங்கிறது வரைக்கும் எழுதியிருந்தான். கடைசி வரி மட்டும் இப்படி: "எஸ்.எம்.பி.எஸ். - ஏதாவது ஒண்ணு, 1500க்குள்ள."

வந்த தூக்கம் போயிடுச்சு.

கிட்டத்தட்ட இதே வரியை நானும் 2003ல ஒரு துண்டுச் சீட்டுல எழுதியிருக்கேன். அது என்னாச்சுன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். என் கதையை மட்டும் சொன்னா புலம்பல் மாதிரி ஆயிடும். அதனால நடுத்தர விலையில கேமிங் பொட்டி போடறதுங்கிற பழக்கத்தோட வரலாறையும் சேர்த்தே சொல்லிடறேன். (நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க.)

உதிரியா வாங்கற சுதந்திரம்

டி.வி.யை யாரும் உதிரி உதிரியா வாங்கி வீட்டுல பூட்டறதில்லை. கம்ப்யூட்டரை மட்டும் ஏன் அப்படி வாங்க முடியுது? அதுக்குக் காரணம் ஐ.பி.எம். அவசரப்பட்டது.

சீக்கிரமா சந்தைக்கு வரணும்ங்கிறதால, 1981 ஆகஸ்டுல வெளியிட்ட பி.சி.யை ஐ.பி.எம். பெரும்பாலும் வெளியில கிடைச்ச சில்லுகளை வெச்சே செஞ்சது. ப்ராசசர் இன்டெலோடது, ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்டோடது. சர்க்யூட் படங்களோட டெக்னிக்கல் புத்தகத்தையும் போட்டு வித்தாங்க. தங்களுக்கே சொந்தம்னு அவங்க வெச்சிருந்த முக்கியமான ஒண்ணு, பயாஸ். அதை அப்படியே காப்பி அடிக்காம, அது செய்யற வேலையை எல்லாம் செய்யற வேற ஒரு பயாஸை சொந்தமா எழுதி, 1983ல காம்பேக் தன்னோட பொட்டியை விக்க ஆரம்பிச்சது. அப்புறம் கதவு திறந்தாச்சு. தைவான்ல தெருவுக்குத் தெரு போர்டு செய்ய ஆரம்பிச்சாங்க.

1995ல இன்டெல் ஏ.டி.எக்ஸ்.னு ஒரு அளவு முறையைக் கொண்டு வந்தது. போர்டுல திருகு ஓட்டை எங்க இருக்கணும், பவர் கனெக்டர் எப்படி இருக்கணும், எஸ்.எம்.பி.எஸ். எந்த அளவுல இருக்கணும்னு எல்லாத்துக்கும் ஒரு வரையறை. யாரோ செஞ்ச போர்டு, வேற யாரோ செஞ்ச கேபினெட்டுல கச்சிதமா உக்காருதுன்னா அது இந்த ஏற்பாடு. இன்னிக்கும் அதே ஓட்டைகள்தான்.

1996: கேமுக்குன்னே தனியா ஒரு கார்டு

அதுக்கு முன்னாடி கேம் ஓடணும்னா வேகமான ப்ராசசர் வேணும், அவ்வளவுதான். 1993ல வந்த டூம் அப்படித்தான் ஓடிச்சு. 1996ல க்வேக் வந்தப்போ ஒரு சின்ன குட்டு உடைஞ்சது. அந்த கேமுக்கு தசமப் புள்ளி கணக்கு வேகமா போடத் தெரியணும். பென்டியத்துக்கு அது கை வந்த கலை. அதைவிட மலிவா, ஆபீஸ் வேலைக்கு சளைக்காம இருந்த சைரிக்ஸ் 6எக்ஸ்86 ப்ராசசர், க்வேக்கைப் பார்த்ததும் மூச்சு வாங்கிச்சு. 'மலிவு, ஆனா அதே வேகம்'னு வாங்கினவங்க கேமைப் போட்டுப் பார்த்தப்பதான் எந்த வேலைக்கு அதே வேகம்னு கேக்காம விட்டது புரிஞ்சது.

அதே 1996ல த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ வந்தது. 4 மெகாபைட் மெமரி. முப்பரிமாண வேலை மட்டும்தான் செய்யும். சாதாரணமா திரையில படம் காட்ட இன்னொரு கார்டு தனியா இருக்கணும். பழைய கார்டுலேர்ந்து வெளியில ஒரு ஒயரைக் கொண்டு வந்து வூடூவுல செருகி, அதுலேர்ந்து மானிட்டருக்குப் போகணும். அவ்வளவு கோமாளித்தனமான ஏற்பாடு. ஆனா 1997 ஜனவரியில க்வேக்கோட வூடூ பதிப்பு வந்து அதைப் பார்த்தவங்க யாரும் அந்த ஒயரைப் பத்திக் குறை சொல்லலை :-)

அப்போலேர்ந்து கேமிங் பொட்டிக்கு ரெண்டு இதயம். ப்ராசசர் ஒண்ணு, கார்டு ஒண்ணு. கையில இருக்கற காசை இந்த ரெண்டுக்கும் எப்படிப் பங்கு போடறதுங்கிறதுதான் அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நடுத்தரக்காரனோட தலைவலி.

1998: நடுத்தரக்காரனுக்கு அடிச்ச லாட்டரி

மலிவு ப்ராசசர் சந்தையை ஏ.எம்.டி.யும் சைரிக்ஸும் பிடிச்சுக்கிட்டதைப் பார்த்து, 1998 ஏப்ரல்ல இன்டெல் செலரான்னு ஒண்ணை இறக்கிச்சு. பென்டியம் 2ஐ எடுத்து, அதுல இருந்த இரண்டாம் நிலை கேஷ் மெமரியை மொத்தமா உருவிட்டு வித்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இன்டெல் திருத்திக்கிச்சு. அதே வருஷம் ஆகஸ்டு 24ஆம் தேதி செலரான் 300ஏ வந்தது. இதுல 128 கிலோபைட் கேஷ். பென்டியம் 2ல 512 கிலோபைட். அளவுல நாலுல ஒரு பங்குதான். ஆனா பென்டியம் 2ல கேஷ் வெளியில தனிச் சில்லா, பாதி வேகத்துல ஓடிச்சு. 300ஏல அது ப்ராசசருக்குள்ளேயே, முழு வேகத்துல.

அடுத்தது இன்னும் ருசியான சமாச்சாரம். 300ஏ ஓடறது 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ல, நாலரை மடங்கு. அந்த நாலரையை யாரும் மாத்த முடியாதபடி பூட்டு போட்டிருந்தாங்க. பஸ்ஸுக்குப் பூட்டு இல்லை. அந்த வருஷம் வந்த 440பிஎக்ஸ் போர்டுகள் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸைத் தாங்கும். பஸ்ஸை 100க்கு ஏத்தினா நாலரை மடங்கு 450. ப்ராசசரோட விளிம்புல பி21ங்கிற ஒரு கால் மேல துளி டேப் ஒட்டினா, இல்லைன்னா நகப்பாலிஷ் தடவினா, போர்டு தானா ஏமாந்து 100ல ஓட்டும்.

ஏகப்பட்ட 300ஏக்கள் 450ல அலுங்காம ஓடிச்சு. அதே ஆகஸ்டு 24ஆம் தேதி இன்டெல் பென்டியம் 2 - 450ஐயும் வெளியிட்டது. அதோட மொத்த விலை 669 டாலர். 300ஏ 149 டாலர். கேம்ல ரெண்டுக்கும் பெரிசா வித்தியாசம் தெரியலை.

இது எப்படி சாத்தியம்? சில்லு செய்யறது இட்லி ஊத்தற மாதிரி, ஒரே தட்டுல நூத்துக்கணக்குல வேகும். சிலது நல்லா உப்பும், சிலது அமுங்கும். நல்லதுக்குப் பெரிய பேரு, பெரிய விலை. சுமாருக்கு சின்னப் பேரு, சின்ன விலை. ஆனா உலகத்துல சின்ன விலைக்குத்தான் ஆள் அதிகம். சுமாரானது பத்தாதப்போ, நல்ல சில்லையே எடுத்து சின்ன லேபிள் ஒட்டி விக்க வேண்டியிருக்கும். நடுத்தரக்காரன் இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல தேடிக்கிட்டிருக்கறது அந்தத் தப்பான லேபிளைத்தான்.

இந்தத் தேடல் ஒரு திருவிழா மாதிரியே நடந்தது. 2002 கடைசியில வந்த ஏ.டி.ஐ. ரேடியான் 9500ல, பெரிய அண்ணன் 9700ஓட எட்டு பைப்லைன்ல நாலை மட்டும் திறந்து விட்டிருந்தாங்க. சில போர்டுகள்ல சாஃப்ட்வேர்லயே மிச்சம் நாலையும் திறந்துடலாம். அதிர்ஷ்டம் இருந்தா முழு 9700. இல்லைன்னா திரை முழுக்க சதுரங்கக் கட்டம் கட்டமா புள்ளி. 2003 பிப்ரவரியில வந்த ஏ.எம்.டி. அத்லான் எக்ஸ்பி 2500+ இன்னொண்ணு. 166 மெகாஹெர்ட்ஸ், பதினோரு மடங்கு. பஸ்ஸை 200க்கு ஏத்தினா 2200 மெகாஹெர்ட்ஸ், அதாவது அந்த வரிசையிலேயே உச்சியில இருந்த 3200+ஓட அதே வேகம்.

2002: லேபிள் எதிர்ப்பக்கமும் பொய் சொல்லும்

நல்ல சரக்குக்கு சின்னப் பேரு வெச்சது போக, பழைய சரக்குக்குப் பெரிய பேரு வெச்சதும் நடந்தது.

2001ல என்விடியா ஜிஃபோர்ஸ் 3 கொண்டு வந்தது. ஒவ்வொரு புள்ளியோட ஒளியையும் நிறத்தையும் கேம் எழுதறவங்களே புரோகிராம் பண்ணிக்கலாம்ங்கிற ஷேடர் வசதி அதுல வந்தது. 2002 பிப்ரவரியில ஜிஃபோர்ஸ் 4 வந்தது, ரெண்டு குடும்பமா. ஒண்ணு ஜிஃபோர்ஸ் 4 டிஐ. இன்னொண்ணு, விலை குறைஞ்ச ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ். 4ன்னா 3ஐவிட பெரிசுன்னுதானே யாரும் நினைப்பாங்க? எம்எக்ஸ் உள்ளுக்குள்ள ஜிஃபோர்ஸ் 2ஓட வாரிசு. புரோகிராம் பண்ற பிக்சல் ஷேடர் அதுல கிடையாது. 2003 கடைசியில பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சேண்ட்ஸ் ஆஃப் டைம் வந்தப்போ அதைக் கேட்டது. ஜிஃபோர்ஸ் 3ல ஓடின கேம், ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ்ல ஓடலை.

என் கூட ஹாஸ்டல்ல இருந்த ஒருத்தன் அந்த கேமோட சிடியை வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் விண்டோஸை திரும்பத் திரும்ப போட்டுப் பார்த்தான். கோளாறு விண்டோஸ்ல இல்லை, பேர்லன்னு அவனுக்கு யாரு சொல்றது?

எனக்கு இதெல்லாம் அத்துப்படி. ஜாம்பஜார்ல கத்திரிக்காய் பொறுக்கற மாதிரி கார்டு பொறுக்கத் தெரியும்னு ஒரு மிதப்பு. அந்த மிதப்போட 2003ல நான் போட்ட பொட்டிக்கு வருவோம்.

என் பொட்டி

அப்பா மின்சாரத் துறையில வயர்மேன். நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். "படிப்புக்கு கம்ப்யூட்டர் வேணும்பா"ன்னேன். பி.எஃப்.ல லோன் போட்டு 35 ஆயிரம் எடுத்துக் கொடுத்தார். எதுக்கு இவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

விழுப்புரத்துலேர்ந்து காலையில பஸ் பிடிச்சு ரெண்டு பேரும் ரிச்சி ஸ்ட்ரீட் வந்தோம். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், மவுண்ட் ரோட்டுலேர்ந்து உள்ளே திரும்பினா ரேடியோ வால்வுலேர்ந்து ராக்கெட் பார்ட்ஸ் வரைக்கும் கிடைக்கும்னு பேர் வாங்கின சந்து. அத்லான் 2500+, அதுக்கேத்த போர்டு, 256 எம்.பி. ராம், 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 15 இன்ச் மானிட்டர். கார்டு ஜிஃபோர்ஸ் 4 டிஐ 4200. அது மட்டும் ஒம்பதாயிரம். அந்தக் கார்டு 'படிப்புக்கு' எதுக்குன்னு அப்பாவுக்குத் தெரியாது. "டிராயிங் எல்லாம் வரும்பா"ன்னு சொல்லி வெச்சேன்.

கூட்டிப் பார்த்தா ரெண்டாயிரம் இடிச்சது. கடைக்காரர் சொன்னார், "தம்பி, நல்ல எஸ்.எம்.பி.எஸ். தனியா போட்டா 2200. கேபினெட்டோட வர்றது சும்மா. 400 வாட்ஸ்னு போட்டிருக்கு பாருங்க. உங்க இஷ்டம்." கூடவே, பில் வேண்டாம்னா இன்னும் கொஞ்சம் குறையும்னார்.

நான் துண்டுச் சீட்டுல கடைசி வரியை அடிச்சுட்டு எழுதினேன்: "எஸ்.எம்.பி.எஸ். - கேபினெட்டோடது." பில்லும் வேண்டாம்னேன். கார்டை மட்டும் விட்டுக் கொடுக்கலை.

எட்டு மாசம் ராஜ வாழ்க்கை. ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி, கேம் நடுவுல 'பட்'டுனு ஒரு சத்தம். மீன் கருகின மாதிரி ஒரு வாடை. எஸ்.எம்.பி.எஸ். போனது மட்டும் இல்லை, போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கையைப் பிடிச்சு கூட்டிக்கிட்டே போயிடுச்சு. கார்டும் ப்ராசசரும் தப்பிச்சுது. கடைக்குப் போனா, "பில் எங்க தம்பி?" அவ்வளவுதான் பேச்சு.

என்ன நடந்திருக்கும்? 2000ல பென்டியம் 4 வந்ததுலேர்ந்து ப்ராசசருக்கான மின்சாரத்தை 12 வோல்ட் பக்கத்துலேர்ந்து எடுக்கற முறை பரவ ஆரம்பிச்சது. கார்டுகளுக்கும் பசி ஏறிக்கிட்டே போச்சு. லேபிள்ல 400 வாட்ஸ்னு போட்ட மலிவு எஸ்.எம்.பி.எஸ்.கள் பலது 3.3, 5, 12ன்னு எல்லா வோல்ட்டையும் ஏட்டுக்குக் கூட்டி எழுதின தொகைதான். தொடர்ந்து அவ்வளவு தர வக்கு கிடையாது. நல்லதுல, வோல்ட்டேஜ் எகிறினா உடனே தன்னை அணைச்சுக்கற காப்பு சர்க்யூட் இருக்கும். மலிவானதுல முதல்ல மிச்சம் பிடிக்கறதே அங்கதான். போதாததுக்கு, 1999லேர்ந்து 2007 வாக்குல மட்டமான கெப்பாசிட்டர்கள் உலகம் பூரா போர்டுகள்லயும் எஸ்.எம்.பி.எஸ்.கள்லயும் தலை வீங்கி வெடிச்ச காலம் வேற.

ஆனா எங்க வீட்டுல நடந்தது வேற. அப்பா அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்த்துட்டு, ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா சொன்னார், "நம்ம வீட்டு எர்த்து சரியில்லடா. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

ஊரு பூரா லைன் பார்க்கற மனுஷன். தன் வீட்டுக் கரண்ட்டு பையனோட கம்ப்யூட்டரை எரிச்சுடுச்சுன்னு நினைச்சுக்கிட்டார். அடுத்த ஞாயித்துக்கிழமை கொல்லையில கடப்பாரையை எடுத்துக்கிட்டு குழி தோண்டினார். இரும்புக் குழாயை இறக்கி, உப்பும் கரியும் மாத்தி மாத்திக் கொட்டி, எர்த் ஒயரை புதுசா இழுத்து, மீட்டர் வெச்சு அளந்து பார்த்தார். வெயில்ல பனியன் நனைஞ்சு ஒட்டிக் கிடந்தது. பக்கத்துல நின்னு கரி அள்ளிப் போட்டது நான்தான்.

"அப்பா, எர்த்து இல்லப்பா. 2200 ரூபாயை நான் கேமுக்குத் திருப்பிட்டேன்." வாயில வரலை. திரும்ப போர்டு, டிஸ்க் வாங்க ஒம்பதாயிரம், அதையும் கொடுத்தார். 2016ல அப்பா தவறிட்டார். கடைசி வரைக்கும் நான் சொல்லவே இல்லை.

அதுக்கப்புறம் வந்ததெல்லாம்

சந்தை பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்தது. 2007 அக்டோபர்ல ஜிஃபோர்ஸ் 8800 ஜிடி வந்தப்போ, ஒரு வருஷம் முன்னாடி 599 டாலருக்கு வித்த 8800 ஜிடிஎக்ஸோட பக்கத்துல வந்து நின்னது, பாதிக்கும் குறைஞ்ச விலையில. 2008 ஜூன்ல ரேடியான் எச்டி 4850 வெறும் 199 டாலருக்கு வந்தது. அப்பதான் 649 டாலருக்கு இறங்கியிருந்த ஜிடிஎக்ஸ் 280ஓட விலையை சில வாரத்துலேயே 499 ஆக்க வேண்டியதாப் போச்சு. நடுத்தரக்காரனுக்கு நல்ல காலம் எப்ப வரும்னா, பெரிய கம்பெனிங்க ரெண்டும் சரிசமமா சண்டை போடறப்ப வரும். ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு பேர் மாத்தற வேலையில இறங்கிடும். அந்த 8800 ஜிடியில இருந்த சில்லு 9800 ஜிடிஎக்ஸ் ஆச்சு, ஜிடிஎக்ஸ் ப்ளஸ் ஆச்சு, 2009ல ஜிடிஎஸ் 250ம் ஆச்சு. ஒரே பொண்ணுக்கு நாலு தடவை பெண் பார்க்கற படலம்.

பூட்டுகளும் இறுகிச்சு. 2011 ஜனவரியில வந்த இன்டெலோட புது வரிசையில பஸ்ஸைத் தொட முடியாது, தொட்டா எல்லாமே தடுமாறும். வேகம் ஏத்தணும்னா 'கே'ன்னு முடியற மாடலைத்தான் வாங்கணும். ஐ5-2500ஐவிட 2500கேக்கு 11 டாலர் கூட. 1998ல ஒரு துளி நகப்பாலிஷ்ல கிடைச்சதுக்கு இப்போ விலைச்சீட்டு. (ஆனா ஒண்ணு, 2500கே வாங்கினவங்க யாரும் அந்த 11 டாலருக்கு அழுததில்லை.)

2014ல வந்த ஜிடிஎக்ஸ் 970க்கு 4 ஜி.பி. மெமரின்னு போட்டிருந்தது. அதுல கடைசி அரை ஜி.பி. மட்டும் ரொம்ப மெதுவா வேலை செய்யும்னு 2015 ஜனவரியில வெளியில வந்தது. அமெரிக்காவுல வழக்கு போட்டு, 2016ல வாங்கினவங்களுக்கு ஆளுக்கு 30 டாலர்னு சமரசம் ஆச்சு. அதே 2016ல ஜிடிஎக்ஸ் 1060 வந்தது, 3 ஜி.பி., 6 ஜி.பி.ன்னு ரெண்டு தினுசு. மெமரி மட்டும்தான் வித்தியாசம்னு நினைச்சா ஏமாந்தோம். சின்னதுல கணக்கு போடற கோர்களும் 1280லேர்ந்து 1152ஆ குறைச்சல். 2022ல ஆர்டிஎக்ஸ் 4080ங்கிற ஒரே பேர்ல ரெண்டு வேற வேற சில்லு விக்கப் பார்த்து, ஊரே கூச்சல் போட்டதும் சின்னதை வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில 4070 டிஐன்னு பேர் மாத்திக் கொண்டு வந்தாங்க.

நடுவுல 2017-18லயும், 2020லேர்ந்து 2022 வரைக்கும் காயின் தோண்டறவங்க கார்டுகளை மூட்டை கட்டி அள்ளிக்கிட்டுப் போனாங்க. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் முறையை மாத்தினதும் அது ஓய்ஞ்சது. 2025 கடைசியில அடுத்த அலை. ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சில்லு பத்தாம ராம் விலை தாறுமாறா ஏறிச்சு. க்ரூசியல்ங்கிற பேர்ல நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு வித்துக்கிட்டிருந்த வியாபாரத்தை முடிச்சுக்கறதா மைக்ரான் அந்த டிசம்பர்ல அறிவிச்சது. நடுத்தரக்காரன் பொட்டியோட விலையைத் தீர்மானிக்கறது பல சமயம் கேமே ஆடாத யாரோதான்.

திரும்ப லிஸ்ட்டுக்கு

சாயங்காலம் பையனைக் கூப்பிட்டேன்.

"கார்டு என்னடா எழுதியிருக்கே? ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ. எத்தனை ஜி.பி.?"

"8 மாமா. அதே கார்டுதானே, 16 எதுக்கு?"

2025 ஏப்ரல்ல ஒரே பேர்ல வந்த ரெண்டு தினுசு. அமெரிக்க விலை 379, 429. சில்லு ஒண்ணுதான், இதுல 1060 மாதிரி கோர்ல கை வைக்கலை. ஆனா புது கேம்கள்ல படத் தரத்தை உசத்தி வெச்சா 8 ஜி.பி. நிரம்பி வழியும். வழிஞ்சதும் சில்லு எவ்வளவு வேகமா இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் கதையை அவனுக்குச் சொன்னேன். பேரைப் படிக்காதே, பேருக்குக் கீழே சின்ன எழுத்துல இருக்கறதைப் படின்னேன்.

"சரி மாமா, அதுக்குக் காசு?"

"கண்ணாடியும் கலர் லைட்டும் வேண்டாம், காத்து நல்லா போற சாதா கேபினெட் போதும். ப்ராசசர்ல ஒரு படி இறங்கு, அதை மூணு வருஷம் கழிச்சு அதே போர்டுலயே மாத்திக்கலாம். ராம் இப்போதைக்கு 16 ஜி.பி., ரெண்டு ஸ்லாட்டைக் காலியா விடற போர்டா பாரு. கடைசியா அந்த எஸ்.எம்.பி.எஸ்..."

"மாமா, அதை யாரு பாக்கப் போறா? கேம்ல ஒரு ஃப்ரேம்கூட அதனால ஏறாது."

அவன் சொன்னது நெசம். இத்தனை வருஷமா வந்த எந்த ஒப்பீட்டு அட்டவணையிலயும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஃப்ரேம் கணக்கு கிடையாது. 300ஏ வாங்கினவன் ஜெயிச்சான், எம்எக்ஸ் வாங்கினவன் தோத்தான்னு கார்டுக்கும் ப்ராசசருக்கும்தான் வரலாறு. நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கினவனுக்கு வரலாறே கிடையாது. ஏன்னா அவனுக்கு ஒண்ணுமே நடக்கலை.

அப்போதான் அவன்கிட்ட முழுசா சொன்னேன். பி.எஃப்., துண்டுச் சீட்டு, ராத்திரி பதினோரு மணி, உப்பு, கரி எல்லாம். இருபது வருஷத்துக்கு மேல யார்கிட்டயும் சொல்லாதது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தாத்தா எர்த்து குழி, நம்ம கொல்லையில மாதுளைச் செடி பக்கத்துல இருக்கே, அதா மாமா?"ன்னு கேட்டான். அக்கா இப்போ அந்த வீட்டுலதான் இருக்கா.

"அதேதான்டா."

போன வாரம் சாமான் வந்து சேர்ந்ததுன்னு படம் அனுப்பினான். முதல் படம் கார்டா இருக்கும்னு நினைச்சேன். எஸ்.எம்.பி.எஸ். டப்பா. பேர் தெரிஞ்ச கம்பெனி, 650 வாட்ஸ், 80 ப்ளஸ் கோல்டு, பத்து வருஷ வாரன்ட்டி. (80 ப்ளஸ்ங்கிறது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காம மாத்துதுங்கிறதுக்கான சான்றிதழ், தரம் முழுசுக்கும் இல்லை. ஆனா வெறும் லேபிளைவிட எவ்வளவோ மேல்.) ரெண்டாவது படம், ஜி.எஸ்.டி.யோட முழு பில், அக்கா பேர்ல.

மூணாவதா ஒரு வரி: "நாளைக்கு பூட்டறேன் மாமா. வேற ஏதாவது பாக்கணுமா?"

ஒண்ணே ஒண்ணு சொன்னேன். வெயில் காலத்துல மண்ணு காஞ்சு கிடக்கும், ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி மாதுளைச் செடிகிட்ட போய் அந்தக் குழியில ரெண்டு வாளி தண்ணி ஊத்துடா.